பழைய பிக்கப்புக்குப் பெரிய இன்ஜின்: வீட்டு கராஜுக்குச் சில குறிப்புகள்

அமெரிக்காவில் சொந்த வீடும் இரண்டு கார் நிற்கும் கராஜும் உள்ளவர்களில் பலருக்கு ஓர் ஆசை உண்டு. பழைய பிக்கப் டிரக் ஒன்றை வாங்கி, அதன் சோம்பேறி இன்ஜினைக் கழற்றிவிட்டு, தன் கையாலேயே ஒரு வி-8 இன்ஜினை உட்கார வைக்க வேண்டும். இந்தக் குறிப்புகள் 1967 முதல் 1972 வரை வந்த செவர்லே சி-10 டிரக்கை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கழற்றப்போவது அதன் 250 கன அங்குல (4.1 லிட்டர்) ஆறு சிலிண்டர் இன்ஜின். மாட்டப்போவது 1999க்குப் பிறகு வந்த சில்வராடோவின் 5.3 லிட்டர் வி-8. வேறு டிரக் என்றால் அளவுகள் மாறும், வேலையின் வரிசை பெரிதாக மாறாது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடலாம். இந்த வேலையில் இன்ஜின்தான் சுலபமான பகுதி. பணமும் பொறுமையும் கரைவது அதைச் சுற்றியிருக்கும் சில்லறைச் சாமான்களில்தான்.

1. இன்ஜினைத் தேடிப் புறப்படும் முன் முன்சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். 1970 வரை வந்த சி-10களில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். முன்சக்கர டிஸ்க் பிரேக் 1971 மாடலில்தான் வந்தது. இறக்கத்தில் இரண்டு முறை அழுத்திப் பிடித்தாலே சூடேறிப் பிடிப்பு விடும் டிரம்மை வைத்துக்கொண்டு இன்ஜின் சக்தியை இரண்டு மடங்குக்கு மேல் ஏற்றுவது தற்கொலைக்குச் சமம். 1971, 72 டிரக்குகளின் டிஸ்க் பாகங்களை முந்தைய வண்டிகளில் மாட்டலாம். ஆனால் அங்கே ஒரு வில்லங்கம் இருக்கிறது. அதே 1971இல் அரை டன் சி-10களின் சக்கர போல்ட் ஆறிலிருந்து ஐந்தானது. காயலான் கடையில் கிடைத்ததை அப்படியே மாட்டினால் முன்னால் ஐந்து, பின்னால் ஆறு என்று நிற்கும். ஸ்டெப்னிகூட ஒன்றுக்கு இரண்டாக வேண்டியிருக்கும். ஆறு போல்ட் ரோட்டருடன் வரும் டிஸ்க் செட்டைக் கேட்டு வாங்குங்கள். மாஸ்டர் சிலிண்டரும், முன் பின் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வும் டிஸ்க்குக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இதை முடித்துவிட்டு, பழைய இன்ஜினோடு கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்கள். பிரேக்கில் குறை இருந்தால் மெதுவாக ஓடும் வண்டியிலேயே தெரிந்துவிடும்.

2. அடுத்து சட்டம். கலிபோர்னியாவில் 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை கிடையாது. அதனால் இந்த டிரக்குகள் தப்பிவிடும். 1976 முதல் வந்த வண்டி என்றால் கதை வேறு. மாட்டும் இன்ஜின் வண்டியின் ஆண்டுக்கோ அதற்குப் பிந்தைய ஆண்டுக்கோ உரியதாக இருக்க வேண்டும். அந்த இன்ஜினோடு தொழிற்சாலையில் வந்த புகைக்கட்டுப்பாட்டு உறுப்புகள் அத்தனையும் கூடவே வர வேண்டும். அரசு நியமித்த ரெஃபரியிடம் வண்டியைக் காட்டி ஒப்புதலும் பெற வேண்டும். மற்ற மாநிலங்களில் விதி ஆளுக்கொரு விதமாக இருக்கிறது. வீட்டு கராஜில் இன்ஜின் கழற்றக் கூடாது என்று தடை போடும் ஊராட்சிகளும் குடியிருப்புச் சங்கங்களும்கூட உண்டு, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிப்பது நல்லது.

இதைப் படித்துவிட்டு ஊரில் இருக்கும் பழைய வண்டியில் யாரும் கை வைத்துவிட வேண்டாம். இந்தியாவில் ஆர்.சி. புத்தகத்திலேயே இன்ஜின் எண் பதிவாகியிருக்கும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவுப்படி ஆர்.டி.ஓ. ஒப்புதல் இல்லாமல் இப்படி மாற்ற முடியாது.

3. ஏன் இந்த 5.3? கேம்ஷாஃப்ட் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் ஹெட் இரண்டும் குறுகலாக இருக்கும். ஹெட்டின் மேல் கேம்ஷாஃப்ட் வைத்த வி-8கள் அகலத்தில் விரிந்து, ஸ்டியரிங் கம்பியிலும் சேஸிஸிலும் இடிக்கும். எல்.எஸ். என்று எல்லோரும் அழைக்கும் இந்தக் குடும்பம் 1997 மாடல் கார்வெட்டில் அறிமுகமாகி, 1999இல் டிரக்குக்கு வந்தது. லட்சக்கணக்கான டிரக்குகளில் ஓடியதால் எந்தக் காயலான் கடையிலும் கிடைக்கிறது. எல்.எம்.7 என்ற குறியீடு கொண்ட 5.3இன் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். பல ஆண்டுகளில் 285 குதிரைத்திறன். பழைய 250 இன்ஜினுக்கு 155 என்று அன்றைய விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். அதை நம்பிக் கழித்துப் பார்க்காதீர்கள். டைனமோ, ஏர் கிளீனர், சைலன்சர் எதுவும் இல்லாமல் சோதனை மேடையில் எடுத்த கணக்கு அது. 1972இல் வண்டியில் மாட்டிய நிலையில் கணக்கெடுத்தபோது அதே இன்ஜின் 110 ஆகிவிட்டது.

6 லிட்டர் வாங்கலாமா என்று கேட்பார்கள். வாங்கலாம். ஆனால் அந்தப் பெயருக்காகவே விலை ஏற்றிச் சொல்வார்கள். வாரக் கடைசியில் கடைத்தெருவுக்குப் போய்வரும் டிரக்குக்கு 5.3 தாராளம்.

4. இன்ஜின் எது என்று விற்பவர் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். அது இருந்த வண்டியின் வி.ஐ.என். எண்ணில் எட்டாவது எழுத்தைப் பாருங்கள். 'டி' என்றால் எல்.எம்.7. 'வி' என்றால் 4.8 லிட்டர். 'யு' என்றால் 6 லிட்டர். 4.8க்கும் 5.3க்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றே, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்தான் வேறு. வெளியே பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. 4.8ஐ 5.3 என்று விற்பது அந்தச் சந்தையில் சகஜம்.

5. முதல் தடவை செய்பவர்கள் 2007க்குப் பிந்தைய 5.3 பக்கம் போகாமல் இருப்பது நல்லது. பெட்ரோலை மிச்சப்படுத்த நான்கு சிலிண்டரை அணைத்துவைக்கும் ஏற்பாடு அவற்றில் உண்டு. அதன் லிஃப்டர்கள் பழுதாவது எல்லோரும் அறிந்த வியாதி. கிராங்க்ஷாஃப்ட்டின் நிலையைக் கணினிக்குச் சொல்லும் பல்சக்கரமும் வேறு. முந்தையதில் 24 பல், பிந்தையதில் 58. இரண்டின் வயரிங்கும் கணினியும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது.

6. இன்ஜினை மட்டும் தனியாக வாங்காதீர்கள். ஒரே வண்டியிலிருந்து இன்ஜின், கியர்பாக்ஸ், முழு வயர் கட்டு, கணினி, ஏர்ஃப்ளோ மீட்டர், ஆக்ஸிஜன் சென்சார்கள், எலெக்ட்ரானிக் பெடல் உள்ளது என்றால் அந்தப் பெடலும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் என எல்லாவற்றையும் சேர்த்து வாங்குங்கள். வயர் கட்டை வெட்டி எடுத்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். முன்பக்க பெல்ட், புல்லி, பிராக்கெட்டும் அதே வண்டியுடையதாக இருக்கட்டும். கார்வெட், கமாரோ, டிரக் ஆகிய மூன்றிலும் பெல்ட் ஓடும் வரிசை வெவ்வேறு தூரத்தில் இருக்கிறது. கலந்து மாட்டினால் பெல்ட் நேராக ஓடாது.

7. வாங்கும் முன் ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் ஏதாவது ஒட்டியிருந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது. 2001 முதல் 2006 வரை வந்த 4.8, 5.3 இன்ஜின்கள் சிலவற்றில் ஒரு குறிப்பிட்ட வார்ப்பு ஹெட் விரிசல் விட்டு, வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் கூலன்டைக் குடிக்கும். அடுத்து, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கடைசி போல்ட்டைப் பாருங்கள். துருப்பிடித்து உடைந்திருப்பது இந்த இன்ஜின்களில் சாதாரணம். இன்ஜின் வெளியே இருக்கும்போது உடைந்த துண்டை எடுப்பது சுலபம். முடிந்தால் கம்ப்ரஷன் சோதனையும் செய்யுங்கள். எட்டு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்தால் போதும்.

8. வேலை தொடங்கும் நாளன்று கராஜின் மூலையைப் பாருங்கள். அமெரிக்க வீடுகள் பலவற்றில் வெந்நீர் கேஸ் ஹீட்டர் அங்கேதான் நிற்கும். உள்ளே சின்னத் தீ எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாக நகர்ந்து போய் அந்தத் தீயைத் தொடும். கராஜில் தீ எழும்பும் பகுதி தரையிலிருந்து 18 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும் என்று கட்டட விதி வைத்திருப்பது இதற்குத்தான். பெட்ரோல் குழாயில் கை வைக்கும் நாளில் ஹீட்டரை அணைத்துவிட்டு, கராஜ் கதவை முழுதாகத் திறந்து வையுங்கள். வீட்டில் குளிக்க வேண்டியவர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்; இல்லையென்றால் யாராவது வந்து ஹீட்டரைப் பற்றவைத்துவிடுவார்கள். பெட்ரோல் தீக்கு ஏற்ற தீயணைப்பானைக் கை எட்டும் இடத்தில் வைப்பதும் அவசியம்.

9. வடித்த கூலன்டைத் திறந்த தட்டில் விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாய், பூனை நக்கும். கொஞ்சம் போனாலே சிறுநீரகம் போய்விடும். குழந்தை இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் தேவை. வடித்த ஆயிலை மூடி போட்ட கேனில் சேர்த்து எடுத்துப்போனால் உதிரிபாகக் கடைகள் பலவும் காசில்லாமல் வாங்கிக்கொள்ளும்.

10. வண்டியில் ஏ.சி. இருந்தால் அதன் வாயுவை நீங்களே திறந்துவிடக் கூடாது. அமெரிக்காவில் அது சட்டப்படி குற்றம். முன்கூட்டியே உரிமம் உள்ள மெக்கானிக்கிடம் கொண்டுபோய் இறக்கிவிட்டு வாருங்கள்.

11. பானெட்டைக் கழற்றும் முன் கீல் உட்காரும் இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தக் கோடுதான் வழிகாட்டும். சி-10 பானெட் கனமானது. இரண்டு பேர் இல்லாமல் தொட வேண்டாம்.

12. இன்ஜின் தூக்கும் கிரேனை வாடகைக்கே எடுக்கலாம். இரண்டு டன் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது கை முழுதும் உள்ளே இழுத்திருக்கும் நிலைக்கு. கையை முழுதாக நீட்டினால் பொதுவாக அரை டன்தான், அதாவது சுமார் 450 கிலோ. டிரக்கின் மூக்கைத் தாண்டி இன்ஜினை எட்டுவதற்கு நீட்டித்தான் ஆக வேண்டும். கியர்பாக்ஸோடு சேர்த்துத் தூக்கினால் 300 கிலோவைத் தாண்டிவிடும்; தாங்கும், ஆனால் மிச்சம் அதிகமில்லை. சங்கிலியைக் கட்டத் தடித்த உயர்தர போல்ட்டையே போடுங்கள். இன்ஜினைச் சாய்க்க உதவும் திருகு பட்டையையும் சேர்த்து வாடகைக்கு எடுங்கள். பின்பக்கம் தாழ்த்தி நுழைக்க அது இல்லாமல் நடக்காது.

தொங்கும் இன்ஜினுக்குக் கீழே கையோ தலையோ போகக் கூடாது. வண்டிக்கு அடியில் படுப்பதாக இருந்தால் ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டு வைத்துத்தான் படுக்க வேண்டும். கட்டடம் கட்டும் சிமெண்ட் கல்லை முட்டுக்கொடுப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது விரிசலே காட்டாமல் ஒரே நொடியில் பொடியாகிவிடும்.

13. போல்ட்டுகளைக் கலந்துவிடாதீர்கள். பழைய டிரக்கில் எல்லாமே அங்குல அளவு. புதிய இன்ஜினில் எல்லாமே மில்லிமீட்டர். கியர்பாக்ஸை இன்ஜினோடு பிணைக்கும் பழைய 3/8 அங்குல போல்ட்டும் புதிய 10 மில்லிமீட்டர் போல்ட்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். தவறானது இரண்டு சுற்று உள்ளேயும் போகும். அதற்குப் பிறகு மரையைக் கிழித்துவிடும். இரண்டுக்கும் தனித்தனி நிற டப்பா வையுங்கள்.

14. இன்ஜின் ஸ்டாண்டில் நிற்கும்போதே, வெளியிலிருந்து எட்டாத இரண்டு சாமான்களை மாற்றிவிடுங்கள். ஒன்று, ஆயில் உறிஞ்சும் குழாயின் ஓரிங். நாளானால் இறுகி, ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். ஆயில் பிரஷர் விழும். இன்ஜின் போய்விட்டது என்று பயந்து விற்கப்பட்ட எத்தனையோ 5.3களுக்குத் தேவைப்பட்டது இந்தச் சின்ன ரப்பர் வளையம்தான். இரண்டு, மேலே இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் நாக் சென்சார்கள். குழியில் தண்ணீர் தேங்கித் துருப்பிடித்திருக்கும். ஹெட் போல்ட்டைக் கழற்ற நேர்ந்தால் அதையே திரும்பப் போடாதீர்கள். இறுக்கும்போது இழுபட்டு நீளும் வகை அது, ஒரு தடவைக்குத்தான்.

15. உட்கார வைப்பதற்கு முன் மூன்று இடத்தில் இடிக்கும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். முதலாவது மவுண்ட். சேஸிஸில் இருக்கும் ஆறு சிலிண்டர் பீடங்கள் வி-8க்குப் பொருந்தாது. இந்த மாற்றத்துக்கென்றே விற்கும் பீடங்களும் இணைப்புத் தகடுகளும் உண்டு. இரண்டாவது ஆயில் சம்ப். டிரக் இன்ஜினின் சம்ப் ஆழமானது. சி-10இன் குறுக்குச் சட்டத்தில் உட்கார்ந்துவிடும். 1998 முதல் 2002 வரை வந்த கமாரோவின் சம்ப்போ, மாற்றத்துக்கென்றே வரும் சம்ப்போ தேவை. சம்ப்பை மாற்றினால் உறிஞ்சுகுழாய், அளவுகோல், அதன் குழாய் எல்லாம் கூடவே மாறும். மூன்றாவது ஏ.சி. கம்ப்ரஸர். டிரக் இன்ஜினில் அது கீழே, பயணி பக்கம் தொங்கும், சேஸிஸில் முட்டும். சேஸிஸை வெட்டி இடம் பண்ணுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், கம்ப்ரஸரை மேலே ஏற்றும் பிராக்கெட் கிடைக்கிறது.

16. தானியங்கி கியர்பாக்ஸை இணைக்கும்போது டார்க் கன்வர்ட்டரைச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளுங்கள். டக், டக் என்று படிப்படியாக இறங்கி அமரும். முழுதாக அமர்ந்துவிட்டால், கியர்பாக்ஸ் கூடு இன்ஜினோடு கையாலேயே ஒட்டும். அதன்பின் கன்வர்ட்டருக்கும் அதை மாட்டும் தகட்டுக்கும் இடையில் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். கூடு ஒட்டவில்லை என்று போல்ட்டைப் போட்டு இழுக்காதீர்கள். உள்ளே ஆயில் பம்ப் நொறுங்கிவிடும். ஸ்டார்ட் செய்த பிறகுதான் அது தெரியவரும். திரும்ப எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

எந்த கியர்பாக்ஸ் என்றால், இன்ஜினோடு வந்த 4எல்60-இ என்ற நான்கு கியர் பெட்டிதான் என் சிபாரிசு. முதல் கியர் 3.06, நான்காவது 0.70. நெடுஞ்சாலையில் இன்ஜின் நிதானமாகச் சுழலும். எல்லாம் கணினி கட்டுப்பாடு என்பதால், அதற்கு முந்தைய 700ஆர்4 பெட்டியில் இருந்த கேபிள் தலைவலி கிடையாது. அந்தக் கேபிள் சரியாக அமையாமல் எரிந்துபோன பெட்டிகள் நிறைய.

17. பெட்ரோல் விஷயத்தில்தான் அதிகம் செலவழியுங்கள். பழைய கார்பரேட்டருக்கு 5 முதல் 7 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். இந்த இன்ஜினுக்கு 58 பி.எஸ்.ஐ. வேண்டும், பத்து மடங்கு. பழைய ரப்பர் ஹோஸ் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஹோஸின் மேல் 30ஆர்9 என்று அச்சிட்டிருந்தால் தாங்கும். 30ஆர்7 என்றிருந்தால் அது கார்பரேட்டருக்கு. கிளாம்பும் வெட்டுப் பல் இல்லாத, இன்ஜெக்‌ஷன் வகையாக இருக்க வேண்டும்.

1967–72 சி-10இல் பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது தெரியுமா? ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே. முதுகுக்குப் பின்னால் ஒரு டேங்க் பெட்ரோலை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறார்கள்! இன்ஜின் மாற்றும் சாக்கில் அதை எடுத்துவிட்டு, பின்னால் சேஸிஸ் சட்டங்களுக்கு நடுவில் உள்ளேயே பம்ப் வைத்த புதிய டேங்க் ஒன்றைத் தொங்கவிடுங்கள். டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைப் பெட்ரோலே குளிர்விக்கும். வெளியே சேஸிஸில் திருகிய பம்ப் சத்தமும் போடும், சூட்டில் சீக்கிரம் சாகவும் செய்யும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்த 1999–2003 கார்வெட்டின் ஃபில்டரே போதும். ரெகுலேட்டர் அதற்குள்ளேயே இருக்கிறது. மிஞ்சும் பெட்ரோல் திரும்பிப் போகும் குழாயும் அதிலிருந்தே கிளம்பும் என்பதால், நீண்ட பாதைக்கு ஒரே குழாய் போதும்.

பம்ப்பின் வயரைச் சாவி சுவிட்சில் நேராகக் கொடுக்காமல் கணினி இயக்கும் ரிலே வழியாகக் கொடுங்கள். இன்ஜின் நின்றால் கணினி பம்ப்பையும் நிறுத்தும். நேராகக் கொடுத்தால், விபத்தில் குழாய் அறுந்த பிறகும் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

18. ரேடியேட்டரைப் பெரிதாகப் போட்டால் சூடு தீர்ந்துவிடும் என்று நினைப்பார்கள். எல்.எஸ். இன்ஜினில் கவனிக்க வேண்டியது ஹெட்டின் மேல்பகுதியில் இருக்கும் சிறிய ஆவிக்குழாய். கொதித்த நீராவி அங்கேதான் சேரும். அதை ரேடியேட்டரின் மேல்பகுதிக்கோ உயரத்தில் உள்ள கூலன்ட் டேங்குக்கோ கொண்டுபோய் இணைக்க வேண்டும். வேண்டாத குழாய் என்று திருகி அடைத்துவிட்டால் ஆவி உள்ளேயே நின்று பின் சிலிண்டர்களைச் சுடும். மீட்டர் ஒன்றும் காட்டாது. கூலன்ட் ஊற்றும்போது வண்டியின் மூக்கு உயர்ந்திருக்கட்டும், காற்று வெளியேறும். இந்த இன்ஜினில் தெர்மோஸ்டாட் இருப்பது குளிர்ந்த நீர் உள்ளே வரும் பக்கம். பழைய பழக்கத்தில் மேல் ஹோஸில் தேடாதீர்கள்.

19. வயரிங் என்றதும் பாதிப் பேர் பின்வாங்குவார்கள். அவ்வளவு பயப்பட ஒன்றுமில்லை. சில்வராடோவின் வயர் கட்டிலிருந்து இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் வேண்டியதை மட்டும் வைத்து மற்றதை நீக்கித் தருபவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு வண்டியோடு இணைக்க மிஞ்சுவது பேட்டரி வயர், சாவி போட்டால் வரும் வயர், எர்த், பம்ப், விசிறி என்று ஒரு கைப்பிடி வயர்கள். கணினியில் திருட்டுத் தடுப்புப் பூட்டு ஒன்று இருக்கும். அதை மென்பொருளில் நீக்காவிட்டால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகி ஓரிரு நொடியில் அணையும். பெட்ரோல் வரவில்லை என்று நினைத்து பம்ப்பை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். அதே சமயத்தில் பின் ஆக்ஸில் விகிதத்தையும் டயர் அளவையும் கணினியில் ஏற்றச் சொல்லுங்கள், கியர் மாறும் நேரம் அதைப் பொறுத்தது.

புரியாத கோளாறு எது வந்தாலும் முதலில் எர்த்தைப் பாருங்கள். பிளாக்கிலிருந்து சேஸிஸுக்கு, சேஸிஸிலிருந்து கேபினுக்கு, பேட்டரியிலிருந்து பிளாக்குக்கு என மூன்றும் தடித்த வயராக, பெயிண்ட் சுரண்டிய இரும்பில் இறுக்கியிருக்க வேண்டும்.

20. பழைய டேஷ்போர்டு மீட்டர்கள் அழகானவை, தூக்கி எறியாதீர்கள். கணினியின் சென்சாரோடு அவை பேசாது. பயணி பக்க ஹெட்டின் பின்புறம் 12 மில்லிமீட்டர் அடைப்பான் ஒன்று இருக்கும். அதில் ஓர் இணைப்பானைப் போட்டுப் பழைய வெப்பமீட்டர் சென்சாரை மாட்டலாம். புதிய டைனமோவுக்குள்ளேயே ரெகுலேட்டர் இருப்பதால் தனியாகத் திருகியிருக்கும் பழைய ரெகுலேட்டர் பெட்டியின் வயர்களைச் சுற்றுவழியாக இணைத்துவிடுங்கள். கேபிளில் ஓடும் ஸ்பீடோமீட்டருக்கு, கியர்பாக்ஸின் மின்குறியை வாங்கிக் கேபிளைச் சுழற்றும் சிறு மோட்டார் பெட்டி கிடைக்கிறது. விலை கொஞ்சம் உறுத்தும்.

21. 1972 வரை வந்த டிரக்கில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கிடையாது. அது 1975 மாடல்களோடுதான் பரவலாக வந்தது. சட்டம் கேட்காவிட்டாலும் ஒன்றைப் போடுவதே என் கட்சி. கராஜ் வீட்டோடு ஒட்டியிருக்கிறது, புகை சமையலறைக்கு வரும். ஆக்ஸிஜன் சென்சார்கள் கன்வர்ட்டருக்கு முன்னால் வர வேண்டும்.

22. புரொபெல்லர் ஷாஃப்டை இன்ஜினும் கியர்பாக்ஸும் இறுதியாக இறுகிய பிறகு, டிரக் தன் சக்கரத்தில் நிற்கும்போது மட்டுமே அளக்கவும். முன்முனை உள்ளே தள்ளப்பட இன்னும் முக்கால் முதல் ஓர் அங்குலம் இடம் மிச்சம் இருக்க வேண்டும். கியர்பாக்ஸ் பின்னால் தாழும் கோணமும் ஆக்ஸில் மூக்கு மேலே பார்க்கும் கோணமும் சமமாக இருந்தால் அதிர்வு வராது. பெரும்பாலும் 3 டிகிரி அளவில் வரும். வெட்டி நீளம் சரிசெய்து பேலன்ஸ் செய்வதை மட்டும் கடையில் கொடுங்கள், வீட்டு வெல்டிங் இதற்கு ஆகாது.

23. முதல் முறை சாவி திருப்பும் முன் பெட்ரோல் ரிலேயையும் காயில் இணைப்புகளையும் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் மீட்டரில் முள் எழும்பும்வரை செல்ஃப் மோட்டாரைச் சிறிது சிறிதாகச் சுழற்றுங்கள். நடுநடுவே மோட்டார் ஆற நேரம் கொடுங்கள். பிறகு ரிலேயை மட்டும் மாட்டிச் சாவியைப் போட்டால் பம்ப் இரண்டு நொடி ஓடி நிற்கும். அப்போது இன்னொருவர் டார்ச்சோடு ஒவ்வொரு பெட்ரோல் இணைப்பையும் பார்க்கட்டும். ஒரு துளி தெரிந்தாலும் அன்றைக்கு ஸ்டார்ட் கிடையாது. கியர்பாக்ஸ் ஆயிலின் அளவை இன்ஜின் சூடாகி, பார்க் நிலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது பாருங்கள். இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்தால் எப்போதும் அதிகமாகவே காட்டும். முதல் சில நாள் ஓட்டத்துக்குப் பிறகு மவுண்ட், எக்ஸாஸ்ட், ஷாஃப்ட் போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

24. கடைசியாக, ஒரு அட்டையில் எது எந்த வண்டியுடையது என்று எழுதி கையுறைப் பெட்டியில் வையுங்கள். இனி உதிரிபாகக் கடை கவுண்டரில் “என்ன வண்டி, எந்த வருடம்” என்று கேட்டால் 1970 சி-10 என்ற பதில் செல்லாது. வாட்டர் பம்ப் 2002 சில்வராடோ. ஆயில் சம்ப் கேஸ்கெட் 2000 கமாரோ. பெட்ரோல் ஃபில்டர் 2001 கார்வெட். முன் பிரேக் பேடு எந்த செட்டோடு வந்ததோ அந்தச் செட்டின் எண். விண்ட்ஷீல்டு வைப்பர் மட்டும் 1970 சி-10.